மேக்கொம்பையில் ஒரு தோட்டம் வளர்ந்தது

மேக்கொம்பையில் தெய்வானையின் தோட்டம் வளர ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. செடி வளர்ந்ததைச் சொல்லவில்லை. தோட்டமே வளர்ந்தது. மண்ணும் கல்லும் வரப்பும் வேலிக் கம்பும் வரப்போரத்துப் பேரிக்காய் மரமுமாக, பக்கத்துத் தோட்டங்களை அதனதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அது மட்டும் மேலே எழும்பியது.

பழனி மலையில் பஸ் திரும்புகிற கடைசி ஊருக்கும் அப்பால், குதிரைத் தடத்தில் இறங்கி ஏறி, ஓடையைத் தாண்டி, மறுபடி இறங்கினால் வருகிற ஊர் மேக்கொம்பை. ரோடு கிடையாது. ரோடு வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். அவர் வந்ததும் நடந்துதான், போனதும் நடந்துதான். ரோடு இல்லாத அந்த ஊரில் விளைகிறதெல்லாம் கனத்த சரக்கு. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு. எல்லாம் மூட்டையாகி, குதிரை முதுகில் பாதியும் மனுசன் முதுகில் பாதியுமாக மலை இறங்கும். அப்படி இறக்குகிறவர்களில் தெய்வானையின் புருசன் சடையாண்டிக்கு நிகராக ஆள் இருந்ததில்லை. குதிரைக்காரன் மொக்கராசுவே, நொண்டுகிற குதிரையின் மூட்டையையும் சேர்த்து அவன் முதுகில் ஏற்றியிருக்கிறான். ஒரு மார்கழிக் காலையில் ஓடைப் பாசியில் சடையாண்டிக்குக் கால் வழுக்கியது. உருளைக்கிழங்கு மூட்டை அவன் மேல் விழுந்தது. கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவனால் நிற்க முடிந்தது, மெதுவாக நடக்க முடிந்தது, எதையும் தூக்க முடியவில்லை. ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்க முடியவில்லை. முதுகு போனவனுக்கு மலையில் என்ன வேலை என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அவனே தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டு, வாசல் கல்லில் உட்கார்ந்து குதிரைகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்த அவனைத் தெய்வானை பார்த்துக்கொண்டிருந்தாள். கனமில்லாத ஒரு வெள்ளாமை இந்த உலகத்தில் இருக்காதா என்று அவள் நினைக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

மேலே இருக்கிற பெரியூரில் தோட்டக்கலை மேடம் ஒருத்தி குங்குமப்பூ போட்டுக் காட்டப்போகிறாள் என்று மொக்கராசு வந்து சொன்னபோது, தெய்வானை அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு நடந்தாள். மேடத்தின் பெயர் ஜெசிந்தா. கான்வாஸ் செருப்பும் முழங்கை வரை சேறுமாக, பெரியூர் ஆண்கள் கைகட்டி நிற்க, தானே குத்தவைத்துக் கிழங்கு ஊன்றிக் கொண்டிருந்தாள். காஷ்மீரத்தில் விளைகிற பூ இது, நம் மலைகளிலும் வருமா என்று ஒவ்வொரு மலையாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம் என்று சொன்னாள். ஒரு பூவில் சிவப்பு இழை மூன்றே மூன்று இருக்கும்; அதைக் கிள்ளிக் காயவைத்தால் அவ்வளவுதான் சரக்கு; ஒரு தோட்டத்து வெள்ளாமை முழுக்க மூடி போட்ட ஒரு சின்னச் சம்படத்துக்குள் அடங்கிவிடும் என்றாள்.

"ஒரு சம்படத்துக்குள்ளயா?" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து தெய்வானை கேட்டாள்.

"ஆமாக்கா."

"மூட்டை?"

"மூட்டைங்கிற பேச்சே கெடையாது."

தெய்வானை ஆண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து முந்தானையை விரித்தாள். ஜெசிந்தா எந்த ஊர் என்று கேட்டாள். மேக்கொம்பை என்றதும் அவள் முகம் வாடியது. "அது ரொம்பக் கீழக்கா. இந்தப் பூவுக்கு நல்ல குளிரு வேணும். பூக்குற நேரம் அடைமழ பிடிச்சாக் கெழங்கு அழுகிரும். உங்க ஊருக்கு ஒசரம் பத்தாது."

"எம்புட்டுப் பத்தாது?"

ஜெசிந்தா சுற்றிலும் பார்த்து, வானத்தை முட்டிக்கொண்டு நின்ற ஒரு யூகலிப்டஸ் மரத்தைக் காட்டினாள். "அது மேல அது, அது மேல அதுன்னு அடுக்கிக்கிட்டே போகணும்."

"ஒசரம் ஒன்னுதானே கொறை? அத நான் பாத்துக்கிறேன். நீங்க கெழங்கக் குடுங்க."

பெரியூர் ஆண்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. ஊன்றுவதற்கு உதவாது என்று ஓரமாகக் கொட்டியிருந்த பொடிக் கிழங்குகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அவள் முந்தானையில் போட்டாள். "இதெல்லாம் குஞ்சுக்கா. இந்த வருசம் பூக்காது. அடுத்த வருசமும் பூக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஏமாத்திட்டான்னு பெறகு என்னையத் திட்டக்கூடாது."

"நானா கேட்டு வாங்குறேன். உங்கள ஏன் திட்டப்போறேன்?" என்று சொல்லி, முந்தானையை முடிச்சுப் போட்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

பீன்ஸ் போடுவதற்காக உழுது வைத்திருந்த மேட்டுத் தோட்டத்தில், சடையாண்டி வரப்பில் உட்கார்ந்து 'இது வேண்டாத வேலை' என்று சொல்லிக்கொண்டிருக்க, தெய்வானை பாத்தி பிடித்துக் கிழங்குகளை ஊன்றினாள். மறுநாள் காலை தடத்திலிருந்து தோட்டத்துக்குள் கால் வைத்தபோது கால் இடறியது. நேற்றுவரை சமமாக இருந்த இடத்தில் ஒரு விரற்கடை மேடு. அதற்கு மறுநாள் அது கணுக்கால் உயரம் இருந்தது, அடுத்த வாரம் முழங்கால் உயரம். ஓரத்தில் அறுத்துவைத்த மாதிரி மண்ணின் உள்பக்கம் தெரிந்தது. மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே செம்மண், அதற்குக் கீழே உதிர்ந்த பாறை, வெளிச்சத்தைக் கண்டு பயந்த மண்புழுக்கள் அதிலிருந்து பொத்துப் பொத்தென்று கீழே விழுந்தன.

"ஏங்க, நம்ம தோட்டம் ஏறுதுங்க."

"பக்கத்துத் தோட்டமெல்லாம் எறங்கியிருக்கும்" என்றான் சடையாண்டி. பிறகு அவனே மெல்ல நடந்து வந்து, அந்த மண் சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பானையில் கரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்குகிற மாதிரி, அவசரமில்லாமல், நிற்காமல், அது மேலே போய்க்கொண்டிருந்தது. "ஆமா, ஏறுது" என்றான்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் எடுத்துக்கொண்டவை ஆடுகள். மேடு என்று ஒன்று இருந்தால் ஏறத்தானே வேண்டும் என்பதுபோல ஏறின. அடுத்து வந்தவர் முருகன் கோயில் பண்டாரம். ஆண்டவன் நிற்பதற்கு இடம் தேடி எழும்பி வருகிறான் என்று சொல்லி முருகனின் வேல் ஒன்றைக் கொண்டுவந்தார். "தாராளமா நடுங்க சாமி, ஓரமா நடுங்க, பாத்திய மிதிச்சிராதீங்க" என்றாள் தெய்வானை. தாலுகா ஆபீசிலிருந்து நில அளவைக்காரர் சங்கிலியோடு வந்தார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார், இரண்டும் பட்டாவில் இருந்தபடியே இருந்தன. உயரத்தை எழுத அரசாங்கம் இடம் விடவில்லை என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். வேலி உயரத்தைத் தாண்டியதும் அங்கே துணி சீக்கிரம் காய்ந்தது. தென்னை உயரத்தைத் தாண்டியதும் அங்கே செல்போனுக்குச் சிக்னல் வந்தது. மேக்கொம்பையில் எந்த மூலையிலும் கிடைக்காத சிக்னல் அது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிள்ளைகளை விட்டிருந்த தாய்மார் எல்லாம், வேரையும் கல்லையும் பிடித்து மூச்சிரைக்க ஏறி, தோட்டத்தின் விளிம்பில் வரிசையாக நின்று, சாப்பிட்டியா, தூங்குனியா, தலைக்கு எண்ணெய் வச்சியா என்று கத்தினார்கள். புரட்டாசி முடிவதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. மனுசன் எதற்கும் பழகிவிடுவான். மாடுகள்தான் பழகவில்லை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டன.

ஐப்பசி வந்தது. பூ வரவில்லை. பாத்திகளில் பச்சை நூல் மாதிரி ஒல்லி ஒல்லியாக இலைகள் மட்டும் எழும்பின. புல்லு வளர்க்கிறதுக்கு மலை வளர்த்தவள் என்று ஊரில் பேசிச் சிரித்தார்கள். ஜெசிந்தா சொன்னதைத் தெய்வானை மறக்கவில்லை. குஞ்சுகள் பூக்காது, வளரத்தான் செய்யும். அவள் களை எடுத்தாள். தோட்டமும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

சிரிப்பு நின்றது தை மாதத்தில். உயரம் என்று ஒன்று வந்தால் நிழல் என்று ஒன்றும் வரும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. தெய்வானையின் தோட்டத்துக்கு மேற்கே, கொஞ்சம் இறக்கத்தில், சடையாண்டியின் அண்ணன் வெள்ளையனின் பீன்ஸ் தோட்டம் இருந்தது. விடிந்தால் முதல் வெயில் விழுகிற தோட்டம். இப்போது மத்தியானம் வரைக்கும் அங்கே வெயில் இல்லை. இலை சுருண்டது, பூ உதிர்ந்தது, பனி உச்சிப் பொழுது வரை காயாமல் கிடந்தது. வெள்ளையனின் மனைவி ராக்காயி, சுருண்ட கொடிகளை ஒரு கட்டாகப் பிடுங்கிக்கொண்டு வந்து தெய்வானையின் வாசலில் போட்டாள்.

"ஏண்டி, இது நல்லா இருக்கா? உன் தோட்டம் எங்க வெயிலத் திங்குதுடி."

"அக்கா, நான் என்ன வேணும்னா செய்யிறேன்?"

"வேணும்னு செஞ்சாலும் வேணாம்னு செஞ்சாலும் எனக்குக் காயி இல்லேல்ல? ஒனக்கு வாய்க்காத பூவுக்கு, என் வீட்டு அடுப்பு அணையணுமா?"

அதில் பொய் இல்லை என்று தெய்வானைக்குத் தெரியும். சாவடியில் ஊர் கூடியது. ரோடு இல்லாத ஊருக்கு இயந்திரம் வராது. ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஒரு ஆள் கடப்பாரையோடும் மண்வெட்டியோடும் போய்த் தோட்டத்தை வெட்டிப் பழைய மட்டத்துக்கு இறக்குவது என்று முடிவானது. சிக்னல் போய்விடுமே என்று தாய்மார் முனகினார்கள். ஆனால் பீன்ஸ் காய்ந்தது காய்ந்ததுதானே என்று அவர்களும் அடங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் கடப்பாரைகளோடு வந்தபோது, தெய்வானை தோட்டத்தின் அடியில் ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தாள். அழுவாள் என்று வந்தவர்கள் ஏமாந்தார்கள். அவள் வெள்ளையனைப் பார்த்துப் பேசினாள்.

"பெரிய மாமா, ஓடைக்கரையில எங்க பூண்டுத் தோட்டம் இருக்கு. ஊர்லயே நல்ல மண்ணு அதுதான், ஒங்களுக்கே தெரியும். நாங்க கஞ்சி குடிக்கிறது அதுலதான். அத நீங்க எடுத்துக்கங்க. இந்த நெழல் விழுகிற தோட்டத்த எனக்குக் குடுங்க."

வெள்ளையன் அதிகம் பேசாதவர். மண்வெட்டியை ஊன்றி, அதன் மேல் முகவாயை வைத்துக்கொண்டு யோசித்தார். "வெளைற மண்ணக் குடுத்துட்டு இருட்ட வாங்கி என்ன பண்ணுவ, தெய்வான?"

"என் தோட்டத்தோட நெழலு மாமா அது. என்கிட்டயே கெடந்துட்டுப் போகட்டும்."

கடப்பாரைகள் திரும்பிப் போயின. ஒருவர் மட்டும், இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தோமே என்று, வேலிக் கால் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததைக் குத்தி நட்டுவிட்டுப் போனார்.

அன்று சடையாண்டி சோறு தின்னவில்லை. "கேக்கக்கூட இல்ல நீ" என்று மட்டும் சொன்னான். அப்புறம் ஒரு நாள் காலை வாசல் கல்லில் அவன் இல்லை. தெய்வானை ஓடைப் பக்கம் தேடினாள், குதிரைத் தடத்தில் தேடினாள், தோட்டத்தடிக்கு ஓடினாள். அங்கே அவன் மண் சுவருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உளியும் சுத்தியலுமாக, உதிர்ந்த பாறையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். ஒரு படி முடிந்திருந்தது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடுத்ததைச் செதுக்கினான்.

"முதுகுதான போச்சு. கையி இருக்குல்ல" என்றான், அவளைத் திரும்பிப் பார்க்காமல். "வேரப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு ஏறுறவ. ஒரு நாளு விழுந்து வைப்ப. ஒரு வீட்டுல ஒரு முதுகு போனாப் போதும்."

அந்த வருசம் அவர்கள் பட்ட பாட்டை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தெய்வானை கூலிக்குப் போனாள். யார் தோட்டத்துக்கும் போனாள். பங்குனியில், நேற்றுவரை தன்னுடையதாக இருந்த ஓடைக்கரையிலேயே ராக்காயிக்குக் கூலியாக உட்கார்ந்து, தான் ஊன்றிய பூண்டைத் தானே பிடுங்கினாள். பொழுது சாய்ந்ததும் ராக்காயி கூலியோடு ஒரு கட்டுப் பூண்டைச் சேர்த்து வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எடுத்துட்டுப் போ" என்றாள். தெய்வானை எடுத்துக்கொண்டாள். பசிக்கு ரோசம் பார்த்தால் பூவைப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். விடியற்காலையில் குடத்தோடு ஏறுவாள், சடையாண்டி செதுக்கியவரை படியில், அதற்கு மேல் வேரையும் கல்லையும் பிடித்து. மேலே குளிரில் உதடு வெடித்து, விரல் நுனி வெடித்து, பாத்திக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு இறங்கிக் கூலிக்குப் போவாள். படிகளும் தோட்டமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின.

சித்திரையில் இலைகளெல்லாம் பழுத்து, வைக்கோலாகிக் காற்றில் பறந்தன. செத்தது என்று ஊர் சொன்னது. பண்டாரம் தான் நட்ட வேலைத் திரும்பக் கொண்டுபோகலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். தெய்வானை ஒரு பாத்தியைக் கையாலேயே தோண்டினாள். ஊன்றும்போது சுண்டு விரல் நுனி அளவு இருந்த கிழங்கு, நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்து, தன்னைச் சுற்றிக் குஞ்சுகளை ஒட்டவைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சாகவில்லை, வெயில் காலத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. அவள் நெருக்கமாக இருந்த பெரிய கிழங்குகளில் சிலவற்றைப் பிரித்து எடுத்தாள்; ஊன்ற வேறு நிலம் இல்லாததால், கீழே, யாருக்கும் வேண்டாத அந்த நிழலில் கொண்டுபோய் ஊன்றி வைத்தாள்.

அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு வாரம், அதற்கு மேலும். ஊரே வேலை வெட்டி இல்லாமல் சாவடியில் ஒடுங்கிக் கிடந்தது. கிழங்கு அழுகிவிடும் என்று ஜெசிந்தா சொன்ன மழை இதுதான் என்று தெரிந்து, தெய்வானை சாக்கைத் தலையில் கவிழ்த்துக் கொங்காணி போட்டுக்கொண்டு ஏறினாள். சடையாண்டி பாதி உயரத்தில், தான் கடைசியாகச் செதுக்கிய படியில், தகரத்தைத் தலையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டி ஏற ஏற மழை வலுத்தது. பிறகு மழை மேகமானது. மேகத்துக்குள் கை தெரியாமல் தடவித் தடவி ஏறி, தலையை வெளியே நீட்டினால், அங்கே மழை இல்லை. மழை காலுக்குக் கீழே பெய்துகொண்டிருந்தது. மேலே துடைத்துவைத்த மாதிரி நீல வானம், பல்லைக் கிட்டவைக்கிற குளிர், அந்தக் குளிரில் தோட்டம் முழுவதும், பாத்தி தெரியாமல், மண் தெரியாமல், ஊதாப் பூ.

அவள் குத்தவைத்து ஒரு பூவைத் தொட்டாள். உள்ளே மூன்று சிவப்பு இழை. சந்தோசப்பட அவளுக்கு நேரம் இல்லை. வெயில் ஏறினால் பூ வாடிவிடும், அன்றே பறித்து அன்றே இழையைக் கிள்ள வேண்டும். சாக்கை உதறி விரித்து, இரண்டு கையாலும் பறிக்க ஆரம்பித்தாள். விளிம்புக்கு வந்தபோது மேகம் கொஞ்சம் விலகியது. கீழே பார்த்தாள். வடகிழக்கிலிருந்து வந்த மழை அவள் தோட்டத்தின் மேல் முட்டி, ஓடை நடுவில் பாறை நின்றால் தண்ணீர் பிரிகிற மாதிரி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஊற்றிக்கொண்டிருந்தது. நடுவில், நிழல் விழுகிற அந்தத் தோட்டத்தில், ஒரு சொட்டு விழவில்லை. அங்கேயும் ஊதா. ஊருக்கு நடுவில் யாரோ சேலையைக் காயப்போட்ட மாதிரி கிடந்தது.

ஒரு ஆள், இரண்டு தோட்டம், ஏறிக்கொண்டிருக்கிற வெயில். தெய்வானை விளிம்பில் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பூத்துருச்சு! பறிக்க ஆளு வாங்க!"

பாதி உயரத்தில் இருந்த சடையாண்டி அதை வாங்கிக் கீழே கத்தினான். நிழல் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ராக்காயி நிமிர்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், போன தை வரை தன்னுடையதாக இருந்த மண்ணில், அவள் இதுவரை பார்க்காத பூவைப் பார்த்தாள். சடையாண்டி மறுபடி கத்தினான். அவள் தழையைக் கீழே போட்டாள். வேலியைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்து, மடியைக் கட்டினாள்.

"கத்தாதடா! பறிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்று மேலே பார்த்துக் கத்தினாள். பிறகு சாவடிப் பக்கம் திரும்பி, அதைவிடப் பெரிதாக, "உக்காந்து தின்னுக்கிட்டு இருக்குற அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு வாங்க! அவ ஒருத்தியா என்ன செய்வா?" என்றாள்.

ஊர் வந்தது. மழை எப்படியும் அவர்களை வேலை செய்யவிடவில்லை. தாய்மார் பழகிய வழியில் மேலே ஏறினார்கள். ஏற முடியாதவர்கள் கீழே பறித்தார்கள். மத்தியானத்துக்குள் சாவடியில் ஊதா அம்பாரமாகக் குவிந்தது. ஊரே சுற்றி உட்கார்ந்து இழை கிள்ளியது. வெள்ளையனின் தடித்த விரல்களுக்கு அந்த மெல்லிய இழை அகப்படாமல் நழுவியது. பூண்டு உரிக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று ராக்காயி அதட்டினாள். எல்லோருடைய விரலும் மஞ்சளாயிற்று. ராக்காயியும் தெய்வானையும் முழங்கால் இடிக்க அருகருகே உட்கார்ந்து, வேலையைத் தவிர வேறு எதையும் பேசாமல், பொழுது போகும்வரை கிள்ளினார்கள். பூக்காலம் முடியும்வரை தினமும் அப்படியே நடந்தது. பூத்து முடிந்த அன்று தோட்டம் ஏறுவதை நிறுத்திக்கொண்டது. அதையும் ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர்கிறது எல்லாம் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும்.

இழை காய்ந்ததும் தெய்வானை அதைச் சம்படத்தில் போட்டு மூடி, துணியில் சுற்றி, சடையாண்டியின் சட்டைப் பைக்குள் வைத்தாள். அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். "அம்புட்டுத்தானா? ஒரு வருசமும்?" என்றான். "அம்புட்டுத்தான்" என்றாள். அவன் குதிரைத் தடத்தில் இறங்கி, ஓடையை நிதானமாகத் தாண்டி, மேக்கொம்பையின் வெள்ளாமையை மலையிறக்கிக்கொண்டு போனான். பின்னால் குதிரைகளோடு வந்த மொக்கராசு, தடத்தை மறித்து மெதுவாக நடக்கிற அவனை ஒதுங்கச் சொல்லாமல், அவன் வேகத்துக்கே குதிரைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வந்தான்.

தோட்டக்கலை ஆபீசில் சம்படத்தைத் திறந்து முகர்ந்த ஜெசிந்தா மறுநாளே ஊருக்கு வந்துவிட்டாள். படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, மேலே நின்று நாலு திசையும் பார்த்து, "பாத்துக்கிறேன்னு நீங்க சொன்னப்போ ஏதோ வாய்க்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. நிழல் தோட்டத்தைப் பார்த்ததும்தான் அவள் நெற்றி சுருங்கியது. குளிரும் இருக்கிறது, மழைக்கு மறைவும் இருக்கிறது. இந்த நிழல் எங்கெல்லாம் விழுமோ அங்கெல்லாம் வரும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

வந்தது வினை. வெயிலுக்குச் சண்டை போட்ட ஊர் நிழலுக்குச் சண்டை போட ஆரம்பித்தது. விடிந்ததும் அவரவர் வாசலில் நின்று நிழலின் நுனி எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். என் தோட்டத்தைத் தொட்டுவிட்டுப் போகிற நிழலை நீ உன் பக்கம் மரம் வைத்து மறைக்கிறாய் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். மறுபடி சாவடி கூடியது. ராக்காயி எழுந்து, மாற்றிக்கொண்ட நிலத்தைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாமே என்றாள்.

"நெலம் மாத்துனது மாத்துனதுதான்க்கா" என்றாள் தெய்வானை. "இல்லாதப்ப நான் திருப்பிக் கேட்டேனா? நீங்க பிடுங்குற பூண்டப் பாத்துக்கிட்டேதான இருந்தேன்." பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா நெழலுக்குப் பட்டா இல்ல. காலையில மேக்க விழுகுது, சாயங்காலம் கெழக்க விழுகுது, தையில ஒரு பக்கம் சாயுது, ஆடியில ஒரு பக்கம் சாயுது. அது போற எடமெல்லாம் போகட்டும். யாரும் மரம் வச்சு மறிக்காதீங்க. அது தொடுற தோட்டத்துக்கெல்லாம் கெழங்கு நான் தர்றேன். அதுக்குப் பதிலா, பூத்தா அன்னைக்கு எல்லாரும் எல்லாத் தோட்டத்துலயும் பறிக்கணும். என் தோட்டம் உன் தோட்டம்னு நின்னா, வாடிப்போகும்."

ராக்காயி முறைத்தாள். பிறகு, "ஓடைக்கரையில சாயங்காலம் விழுகுது. கொஞ்சூண்டு" என்றாள்.

"அப்பன்னா அங்கயும் போடுங்க."

சித்திரையில் கிழங்கு பிரித்தபோது எல்லா வீட்டுக்கும் கொடுத்து மிஞ்சியது. அது மிஞ்சியது எப்படித் தெரிந்ததோ, கிழக்கே இரண்டு மலைக்கு அப்பாலிருந்து சில பெண்கள் நடந்து வந்தார்கள். அவர்கள் மலை இன்னும் தாழ்வு, இன்னும் சூடு; மிளகும் பலாவும் விளைந்து, அதையும் சுமக்க ஆளில்லாமல் காடாகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். வந்தவர்களில் மூத்தவள் கூச்சத்தோடு, உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பிடி மண் கொடுங்கள், எங்கள் மண்ணோடு கலந்துபார்க்கிறோம் என்றாள். அங்கே வரவே வராது என்று ஜெசிந்தா போனில் அடித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, போவதாக இருந்தால் தானும் வருவதாகச் சொன்னாள்.

வீட்டையும் படிகளையும் சடையாண்டியிடமும், தோட்டத்தையும் நிழலையும் ராக்காயியிடமும் விட்டுவிட்டு, மொக்கராசுவின் குதிரை மேல் கிழங்குச் சாக்கையும் ஒரு பொட்டலம் தோட்டத்து மண்ணையும் ஏற்றிக்கொண்டு தெய்வானை புறப்பட்டாள். ஜெசிந்தாவும் அந்தப் பெண்களுமாக அந்தத் தாழ்ந்த மலையைச் சென்று சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கிழங்கு ஊன்ற அவர்கள் காட்டிய இடம் பொட்டல். கல்லும் உண்ணிச் செடியும். ஊரே திரண்டு வந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எங்க மலை வளருமா தாயி?" என்று அந்த மூத்தவள் கேட்டாள்.

தெய்வானைக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை. குனிந்து ஒரு கல்லைப் புரட்டி அதற்கடியில் இருந்த மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். பக்கத்தில் நின்றவரின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள்.

"தண்ணி எந்தப் பக்கமா வடியும், அத மொதல்ல சொல்லுங்க. பாத்திய அதுக்குத் தக்கனதான போடணும்" என்று சொல்லி, ஓங்கி முதல் வெட்டு வெட்டினாள்.